நிரந்தரம் என்ற சொல்லும் ஒரு நாள் லீவும்

தீபாவளிக்கு மறுநாள் காலையில் எங்கள் சின்னம்மாவை நான் வீட்டில் பார்த்ததே கிடையாது. ஆயுத பூசைக்கு மறுநாளும் அப்படித்தான், போகிக்கு மறுநாளும் அப்படித்தான். கருங்குழி ஸ்டேஷனில் விடியற்காலை வண்டியைப் பிடித்து ஒரு நகரத்துக்குப் போய்த் தெருக்கூட்டி, குப்பை வாரி, மத்தியானத்துக்குமேல் திரும்பிவந்து குளித்த பிறகுதான் சோறு. "ஊருக்கு லீவுன்னா நமக்கு ரெண்டு ஆள் வேலைடா" என்று சொல்லும். வெடித்த சரத்தின் காகிதம் மழையில் நனைந்து ரோட்டோடு ஒட்டிக்கொண்டால் துடைப்பத்துக்கு வராது. குந்தி உட்கார்ந்து கையால் உரிக்க வேண்டும். ஆயுத பூசை என்றால் நடுரோட்டில் உடைத்த பூசணிக்காய், வாழைக்கன்று, மாலை. கும்பிட்டவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

(கருங்குழி என்றதும் வள்ளலார் தண்ணீரில் விளக்கெரித்த ஊரா என்று கேட்கிறார்கள். அது வடலூர்ப் பக்கத்துக் கருங்குழி. இது மதுராந்தகத்துப் பக்கம். எங்க ஊரில் தண்ணீரில் எதுவும் எரிந்ததாகத் தகவல் இல்லை.)

சின்னம்மாவை வைத்து இந்தக் கட்டுரையைத் தொடங்கக் காரணம், 2025 ஆகஸ்டில் நம்மவர்களுக்குள்ளேயே கிளம்பிய ஒரு விவாதம். அது பாதியில் நின்றுபோனது. நின்ற இடத்திலிருந்து சில கேள்விகளைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

நடந்தது தோழர்களுக்குத் தெரியும். சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலை தனியாருக்குக் கொடுக்கப்பட்டது. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் பெயரில் பல ஆண்டுகளாக அங்கே வேலை செய்துவந்த தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். உழைப்போர் உரிமை இயக்கம் முன்நின்றது. தனியாரிடம் போனால் கூலி மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் குறையும் என்றார்கள். தனியார்மயம் வேண்டாம், பணி நிரந்தரம் வேண்டும் என்பது கோரிக்கை. பதின்மூன்று நாள் ஆனது. நடைபாதையை மறிக்கிறார்கள், அப்புறப்படுத்துங்கள் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் வந்து அவர்களை இழுத்து வண்டியில் ஏற்றியது. மறுநாள் தமிழக அமைச்சரவை கூடி அவர்களுக்குக் காலை உணவு, சுயதொழில் உதவி, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி என்று அறிவித்தது. அதற்கு மறுநாள் சுதந்திர தினம். சட்டப்படி சம்பளத்தோடு விடுமுறை.

அதே ஆகஸ்டில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சித் தலைவர் தொல். திருமாவளவன் பேசியதுதான் விவாதத்துக்குக் காரணம். பணி நிரந்தரம் என்று கேட்பது அந்த மக்களைக் குப்பை அள்ளும் தொழிலிலேயே நிறுத்திவைப்பதாக ஆகிவிடும், அதிலிருந்து அவர்களை வெளியே கொண்டுவருவதுதான் வேண்டும் என்ற பொருளில் பேசினார். தனியார்மயத்தை ஆதரித்து அவர் இதைச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உடனே இடதுசாரித் தோழர்கள் கூட்டணிக்காகப் பேசுகிறார் என்றார்கள். நம் ஆட்களில் பாதிப் பேர் அண்ணன் சொல்வதுதான் அம்பேத்கரியம் என்றார்கள். இரண்டு வாரம் சண்டை நடந்தது. அந்த இரண்டு வாரத்தில் 'நிரந்தரம்' என்றால் என்ன என்று ஒருத்தரும் நின்று கேட்கவில்லை.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, சொல்லைப் பிரித்துப் பார்ப்பது. நிரந்தரம் வடசொல். நிர், அந்தரம். இடைவெளி இல்லாதது என்று பொருள். இந்தப் பொருளில் பார்த்தால் சேரிக்காரனின் வேலை ஏற்கெனவே நிரந்தரம்தான். வெட்டியான் வேலை, தோட்டி வேலை, செத்த மாடு தூக்கும் வேலை எதிலும் இடைவெளி கிடையாது. நாள் கிழமை கிடையாது. சாவு என்ன ஞாயிற்றுக்கிழமை பார்த்தா வருகிறது? சாதி கொடுத்த வேலையில் லீவு என்ற கருத்தே இல்லை. ஏனென்றால் அது வேலையாகவே கணக்கில் வரவில்லை, கடமையாக வந்தது. தமிழ்நாட்டு அரசாங்கம் 2020இல் 'துப்புரவுப் பணியாளர்' என்பதைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. துப்புரவு போய்த் தூய்மை வந்தது, 'பணி' மட்டும் போகவில்லை. பணி என்றால் வேலை, தொண்டு. பணிதல் என்றால் வணங்குதல். தொழிலாளி என்று கூப்பிட்டால் தொழிலாளர் சட்டம் வந்து நிற்கும். பணியாளர் என்றால் மாலை போட்டுக் காலைக் கழுவி அனுப்பிவிடலாம். கொரோனா காலத்தில் கழுவினார்களே!

வாழ்வாதார இயக்கம் என்ற ஏற்பாட்டிலும் இதே சூழ்ச்சிதான். அந்தப் பெண்கள் ஏட்டில் சுய உதவிக் குழு உறுப்பினர்கள். அதாவது தங்களுக்குத் தாங்களே உதவிக்கொள்கிறார்கள்! யாரிடம் போய் லீவு கேட்பது?

ஆனால் சட்டத்தின் மொழியில் நிரந்தரம் என்பது நேர் எதிரான பொருள் கொண்டது. 1981இல் தமிழ்நாடு சட்டமன்றமே இயற்றிய சட்டம் ஒன்று, 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. அப்படி ஆனவனுக்குத்தான் சம்பளத்தோடு லீவு, பண்டிகை விடுமுறை, நோய் வந்தால் படுக்க ஒரு நாள் எல்லாம் உறுதியாகின்றன. சட்டத்தில் நிரந்தரம் ஆவது என்றால் வேலையில் இடைவெளி கிடைப்பது. திருமாவளவன் சாதியின் நிரந்தரத்தை மனதில் வைத்துப் பேசினார். ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்த அம்மாக்கள் சட்டத்தின் நிரந்தரத்தைக் கேட்டார்கள். சொல் ஒன்று, கேட்டது வேறு, கண்டித்தது வேறு.

இதற்கு என் சொந்த வாழ்க்கையிலேயே ஒரு சாட்சியம் இருக்கிறது. நான் எட்டாவது படிக்கும்போது ஆயுத பூசைக்கு மறுநாள் சின்னம்மாவுக்குக் குளிர் காய்ச்சல். முந்தின நாளே மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறது. லீவெல்லாம் இல்லை, வேணும்னா மாத்து ஆள் அனுப்பு என்றான். மாத்து ஆளுக்கு எங்கே போவது? பள்ளிக்கூடம் லீவு, நான் சும்மாதானே இருந்தேன். போனேன். அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தெருக்கூட்டும் துடைப்பத்தைப் பிடித்தேன். ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து எங்கள் வகுப்புப் பையன் பார்த்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் மேஸ்திரி சின்னம்மாவிடம், "பையன் நல்லா செய்யுறானே, படிப்பு ஏறலன்னா சொல்லு, போட்டுக்கலாம்" என்று சொன்னானாம். அவன் கெட்டவன் இல்லை. உதவி செய்வதாகத்தான் நினைத்தான்.

பரம்பரைத் தொழில் என்கிறோமே, அது ஏதோ மனுவின் ஏட்டிலிருந்து நேராகக் குதித்து வருவதில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல், லீவு இல்லை, பிள்ளை போகிறது. ஒரு நாள் போகிறது, ஒரு வாரம் போகிறது, பிறகு மஸ்டர் ரோலில் பெயர் ஏறிவிடுகிறது. லீவு இருக்கிற வேலையில் இப்படி நடப்பதில்லை. பேங்கில் வேலை பார்க்கிற அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் மகன் போய் கவுன்டரில் உட்காருவதில்லை. அதனால்தான் சொல்கிறேன், 'முதலில் தொழிலிலிருந்து வெளியே வா, உரிமை அப்புறம்' என்ற வரிசை தலைகீழானது. லீவும் பென்ஷனும் இல்லாத அம்மாவின் பிள்ளையால் வெளியே வரவே முடியாது.

அம்பேத்கரியம் என்று சொல்கிறார்களே, அவர் என்ன செய்தார் என்று பார்க்கலாம். செத்த மாட்டை இழுக்காதே, அசுத்தத் தொழிலை விடு என்று 1927இல் மகாடில் சொன்னவர் அவர்தான். 1930களில் பம்பாய் மாநகராட்சித் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவரும் அவர்தான். 'விடு' என்று சொன்ன ஆள், விடாமல் இருக்கிறவர்களுக்குச் சங்கம் கட்டியதில் முரண்பாடு பார்க்கவில்லை. வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை 1942 முதல் 1946 வரை வைத்திருந்தார். ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை என்ற சட்டத் திருத்தம் 1945இல் வந்தது. வாரத்துக்கு 54 மணி நேரம் என்றிருந்ததை 48 ஆக்கிய திருத்தம் 1946இல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை தினத்தந்தியை விரித்துவைத்து இட்லி சாப்பிடுகிற எத்தனை சாதி இந்துத் தொழிலாளிக்கு இது தெரியும்? அவர்களைக் கேட்பானேன், மே தின மேடையில் எத்தனை தடவை இது சொல்லப்பட்டிருக்கிறது?

இங்கே இடதுசாரித் தோழர்களிடமும் ஒரு வழக்கு இருக்கிறது. இந்தியாவின் முதல் மே தினம் 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் ஏற்றிய கொடியோடு தொடங்கியது என்பது நமக்கெல்லாம் பெருமைதான். அதற்கு இரண்டு வருடம் முன்னால் 1921இல் பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலை வேலைநிறுத்தம். சாதி இந்துத் தொழிலாளிகளும் முஸ்லிம் தொழிலாளிகளும் வெளியே நிற்க, ஆதிதிராவிடர்களில் பெரும்பகுதி வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்புச் சேரி எரிந்தது. எம்.சி. ராஜா அந்த மக்களுக்காக நின்றார். சங்க வரலாறுகளில் இந்த இடம் வரும்போது பேனா வேகமாக ஓடும். 'கருங்காலிகள்' என்ற ஒரு சொல்லில் அத்தியாயம் முடிந்துவிடும். அரை வயிற்றுக் கூலியும் கடனுமாக இருந்தவன், தன்னைத் தொடாத பக்கத்துத் தறிக்காரனை நம்பி எத்தனை மாதம் பட்டினி கிடப்பான் என்ற கேள்வி அந்த எழுத்தில் கிடையாது. நெசவுப் பிரிவில் நூலை வாயால் ஈரப்படுத்த வேண்டியிருக்கிறது, தீண்டத்தகாதவன் எச்சில் படும் என்று நம்மை உள்ளே விடாததைச் சங்கங்கள் தட்டிக்கேட்கவில்லை என்று 1938இல் மன்மாட் ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் சொன்னது பம்பாயைப் பற்றி. இங்கே நம்முடைய கணக்கை எழுதியவர்கள் மிகக் குறைவு.

1921இல் சங்கத்தை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவர் திரு.வி.க. அவர் பெயரில்தான் இன்றைக்கு அந்த மண்டலம். சேரி எரிந்த புளியந்தோப்பும் அதற்குள்தான் இருக்கிறது. நூறு வருடம் கழித்து அதே இடத்துப் பெண்கள் கருங்காலி ஆகாமல் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். ஆலைத் தொழிலாளிகள் ஒரு நாள் வேலையை நிறுத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்களா? ஆலைக்கு 12 மணி நேர வேலை என்ற மசோதாவை 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேற்றியவர்கள், மே 1 அன்று திரும்பப் பெற்றதாக மே தினப் பூங்காவில் அறிவித்தார்கள். பத்தே நாள். அன்றைக்குக் கூட்டணிக் கட்சிகளும் சங்கங்களும் போட்ட சத்தம் நியாயமான சத்தம், சிறுத்தைகளும் அதில் இருந்தார்கள். துடைப்பக்காரிக்கு அந்தச் சத்தம் கிடைக்கவில்லை. மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். நாலு ஆம்பளைகள் பாறையைப் புரட்டுகிறார்கள். நல்ல சிலை. ஆனால் விடியற்காலையில் அந்தச் சிலையைச் சுற்றிக் கூட்டுகிறவள் அதில் இல்லை.

'மறுப்பது' என்பது எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்தில் பழைய பிரச்சினை. கம்பெனிக் காலத்தில் கொஞ்ச நாள் கலெக்டர் இருந்த ஊர் கருங்குழி, அதனால் நமக்கு ரெக்கார்டு உண்டு. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் எழுதிய அறிக்கையைப் படித்தால், படியாள் ஏன் வேலையை மறுக்க முடியவில்லை என்பதற்கு ஒரு சாதாரணக் காரணம் கிடைக்கும். குடிசை நின்ற மண்ணே மிராசுதாரனுடையது. வேலைக்கு வரமாட்டேன் என்றால் அன்றைக்கே குடிசையைப் பிரி என்பான். அதனால்தான் மனைக்கட்டும் நிலமும் கொடுங்கள் என்றார் அந்த வெள்ளைக்காரர். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்ட காரணை மக்களின் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். வேலையை மறுக்கிற சக்தி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவர்களைத்தான் சுடுகிறார்கள். நிலம் இல்லாத இடத்தில், நகரத்தில், அந்தச் சக்திக்கு மிச்சமிருப்பது வேலை உத்தரவாதமும் லீவும் சங்கமும்தான்.

அதிலும் இப்போது கை வைத்தாகிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நாலு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் தொழில் உறவுகளுக்கானது ஒன்று. ஒரே நாளில் ஐம்பது சதவீதம் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்துத் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம் என்கிறது அது. வேலைநிறுத்தம் என்றால் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். லீவு என்பது ஒரு ஆயுதம் என்று டெல்லியில் உட்கார்ந்து சட்டம் எழுதுகிறவனுக்குப் புரிந்திருக்கிறது. நமக்குத்தான் புரியவில்லை, நிரந்தரம் வேண்டுமா வேண்டாமா என்று நமக்குள் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

இதில் நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்டால் ஒளிக்க ஒன்றுமில்லை. நிரந்தரம் வேண்டும், இன்றைக்கு வேலையில் இருக்கிற ஒவ்வொருத்தருக்கும். அவர் பிள்ளைக்குக் கருணை வேலை கொடுக்கும்போது துடைப்பத்தைத் தவிர வேறு எதையாவது கொடு என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியைச் சங்கத் தோழர்கள் கேட்கிறதில்லை, முதல் பாதியை நம் தலைவர்கள் கேட்கிறதில்லை. இரண்டையும் ஒரே வாயால் கேட்கிற ஒரு சங்கத்தை நாம் இன்னும் கட்டவில்லை.

சின்னம்மா இப்போதும் அதே வண்டியில்தான் போகிறது, முழங்கால் வலியோடு. அதன் மகன், என் தம்பி, பி.காம். முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் இருக்கிறான். போன தீபாவளிக்கு அவனுக்கு ஒரு நாள் லீவு கிடைத்தது. அதற்கு மறுநாளும் கேட்டு வாங்கியிருந்தான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. விடியற்காலை ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஸ்டேஷனுக்குப் போனார்கள்.