தராசு சரி, எடைக்கல் சரியா?

தராசின் தட்டுகள் சமமாக நின்றால் மட்டும் எடை சரியாகிவிடாது. எடைக்கல்லும் சரியாக இருக்கவேண்டும். கணிப்பொறியில் பொருத்தும் அளவீட்டு அட்டைக்கும் இதே விதிதான். லினக்ஸில் இவ்வட்டைகளை இயக்கும் 'கோமெடி' மென்பொருளின் அளவுத்திருத்த முறையை இந்நோக்கில் ஆராய்வோம்.

அளவீட்டு அட்டை மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றுகிறது. 16 பிட் அட்டை, −10 வோல்ட் முதல் +10 வோல்ட் வரையுள்ள எல்லையை 65,536 படிகளாகப் பகுக்கும். ஒரு படி ஏறத்தாழ 0.3 மில்லிவோல்ட். ஆனால் நுண்மை வேறு, உண்மை வேறு. வெப்பத்தாலும் நாட்பட்டும் அட்டையின் சுழிநிலை நகர்கிறது, பெருக்கமும் மாறுகிறது. 'கே' வகை வெப்பமின்னிரட்டை 1 டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 0.04 மில்லிவோல்ட்தான் தரும். அதை அளக்கையில் 0.4 மில்லிவோல்ட் பிழை நேர்ந்தால் உலையின் வெப்பநிலை 10 டிகிரி தவறிவிடும்!

கோமெடியின் திருத்த நிரல்கள், அட்டையிலேயே உள்ள திட்ட மின்னழுத்தத்தை அளந்து பிழையைக் காண்கின்றன. சில அட்டைகளில் அதற்கேற்ப உள்ளிருக்கும் திருத்தச் சுற்றுகளையே சரிசெய்கின்றன. வேறு சிலவற்றில் திருத்தச் சமன்பாட்டின் கெழுக்களைக் கணித்துக் கோப்பில் எழுதிவைக்கின்றன. மூலநிரல் திறந்திருப்பதால் இவ்வேலையை மாணவரே படித்தறியலாம். இது பெரும் சிறப்பு.

குறைகள் இரண்டு. எண்ணை வோல்ட்டாக மாற்ற 'கோமெடி_டு_ஃபிஸ்', 'கோமெடி_டு_ஃபிசிக்கல்' என இரு சார்புகள் உள்ளன. முன்னது அட்டையின் பெயரளவு எல்லையை மட்டுமே கொண்டு கணக்கிடும். பின்னதே திருத்தச் சமன்பாட்டைப் பயன்படுத்தும். பெயர் ஒற்றுமையால் ஏமாந்து முன்னதை எடுத்தவர், கோப்பில் கிடக்கும் திருத்தத்தைத் தொடாமலே அளந்துகொண்டிருப்பார். எச்சரிக்கைச் செய்தி எதுவும் வராது.

இரண்டாவது குறை பெரிது. உள்ளிருக்கும் திட்ட மின்னழுத்தமே பிசகியிருந்தால்? நிரல் அதையே மெய்யென்று கொண்டு எல்லாவற்றையும் அதற்கு இசையச் செய்துவிடும். திருத்தம் முடிந்தது என்ற செய்தி, அட்டை தன்னோடு தான் ஒத்துப்போகிறது என்பதையே காட்டுகிறது.

ஆகவே, அட்டை சூடேறி நிலைபெற்றபின் திருத்த நிரலை இயக்குங்கள். பின்னர் சான்றுபெற்ற பன்மானியின் துணையோடு சுழியத்திலும், எல்லையின் இரு முனைகளுக்கு அருகிலும் ஒப்பிடுங்கள். தேதியையும் அறை வெப்பநிலையையும் ஏட்டில் குறியுங்கள். நிரல் உழைப்பைக் குறைக்கும். ஐயப்படும் கடமை நம்முடையதே.