50 ஓம் என்று எழுதியிருந்தால் போதுமா?

4 மீட்டர் ஆர்.ஜி.58 கேபிள். ஒரு முனையில் ‘டி’ கனெக்டர். அதில் பல்ஸ் ஜெனரேட்டரும் ஆஸிலோஸ்கோப்பும். மறுமுனையில் என் டப்பாவில் கைக்கு அகப்பட்ட பி.என்.சி. டெர்மினேட்டரை மாட்டினேன். திரையில் 1 வோல்ட்டுக்கு ஏறிய கோடு, 40 நானோ செகண்ட் கழித்து இன்னொரு படி ஏறி 1.2 வோல்ட்டில் நின்றது. கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் 75 ஓம். வீடியோ கேபிளுக்கானது, 50 ஓம் கூட்டத்தில் கலந்துவிட்டது. இந்தக் கேபிளில் சிக்னல் ஒரு மீட்டர் போக 5 நானோ செகண்ட் ஆகும். போக 20, வர 20. போனதில் ஐந்தில் ஒரு பங்கு திரும்பி வந்துதான் அந்தப் படியைக் கட்டியது.

வந்த சிக்னலை மிச்சமில்லாமல் விழுங்குவதுதான் டெர்மினேட்டரின் வேலை. எவ்வளவு திரும்புகிறது என்பதை ரிட்டர்ன் லாஸ் சொல்லும்: 20 டெசிபல் என்றால் மின்னழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு திரும்புகிறது, 40 டெசிபல் என்றால் நூறில் ஒரு பங்கு. எண் கூடக் கூட நல்லது.

மூன்று வகைகளை, ரிட்டர்ன் லாஸை அளக்கும் நானோவிஎன்ஏ-வில் வைத்துப் பார்த்தேன். முதலாவது, பழைய கோஆக்சியல் லேன் காலத்து பி.என்.சி. டெர்மினேட்டர். மல்டிமீட்டரில் 50.4 ஓம். 10 மெகாஹெர்ட்ஸில் 40 டெசிபலுக்கு மேல், அருமை. 500 மெகாஹெர்ட்ஸில் 15-க்குச் சரிந்தது. அடாப்டரின் பங்கும் அதில் கொஞ்சம் உண்டு. ஆனாலும் 10 மெகாபிட் நெட்வொர்க்குக்காகச் செய்த பொருளிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. இரண்டாவது, பெயரில்லாத மலிவு எஸ்.எம்.ஏ. மல்டிமீட்டரில் 49.9 ஓம், மூன்றிலும் துல்லியமானது இதுதான். ஆனால் 1 கிகாஹெர்ட்ஸில் 22 டெசிபல். மூன்றாவது, டேட்டாஷீட்டோடு வந்த எஸ்.எம்.ஏ. அதே 1 கிகாஹெர்ட்ஸில் 35-க்குக் கீழே இறங்கவில்லை.

மல்டிமீட்டர் நேர்மின்சாரத்தில் மட்டும்தான் அளக்கிறது. உள்ளே இருக்கும் மின்தடையின் கால் நீளமும், அதைச் சுற்றியுள்ள உலோகக் கூட்டின் வடிவமும் அதிர்வெண் ஏறும்போதுதான் குணத்தைக் காட்டும். ஆகவே கடையில் “எத்தனை ஓம்?” என்று கேட்டு நிறுத்தாதீர்கள், “எந்த அதிர்வெண் வரை, எத்தனை டெசிபல்?” என்றும் கேளுங்கள்.

50 ஓம் உள்ளீடு இல்லாத ஸ்கோப்புக்கு, இரு முனையும் திறந்த ஃபீட்-த்ரூ டெர்மினேட்டர் வாங்குவது வழக்கம். அது எவ்வளவு துல்லியமானாலும், ஸ்கோப்பின் உள்ளீட்டில் இருக்கும் சுமார் 15 பிகோஃபாரட் கெபாசிட்டன்ஸ் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. 100 மெகாஹெர்ட்ஸில் அது 106 ஓம். கணக்குப் போட்டால் மொத்த ரிட்டர்ன் லாஸ் 13 டெசிபல்தான். சில பத்து மெகாஹெர்ட்ஸ் வரை ஃபீட்-த்ரூ போதும். அதற்கு மேல் 50 ஓம் உள்ளீடு உள்ள ஸ்கோப்தான் சரி.

வாட்டேஜையும் கவனியுங்கள். 50 ஓமில் உச்சிக்கு உச்சி 10 வோல்ட் சைன் அலை என்றால் கால் வாட். 20 வோல்ட் என்றால் 1 வாட். கால் வாட் டெர்மினேட்டரை அதில் மாட்டினால், சூட்டில் மின்தடையின் மதிப்பு மாறிவிடும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது. எஸ்.எம்.ஏ.வை மாட்டும்போது நட்டை மட்டும் திருப்புங்கள். டெர்மினேட்டரையே பிடித்துத் திருகினால் நடு ஊசி தேயும்.

என் பரிந்துரை இதுதான். 10, 20 மெகாஹெர்ட்ஸ் வேலைக்குப் பழைய லேன் டெர்மினேட்டர் தாராளமாகப் போதும். 75 ஓம் இல்லை என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். மலிவு எஸ்.எம்.ஏ. வேண்டுமானால் நான்கைந்து வாங்கி, அளந்து, நல்லதைப் பொறுக்குங்கள். டேட்டாஷீட் உள்ளது ஒன்றே ஒன்றாவது கட்டாயம் வாங்குங்கள். விஎன்ஏ-வைக் கேலிபரேட் செய்யும்போது நீங்கள் மாட்டும் லோடைத்தான் அந்தக் கருவி ‘இதுதான் 50 ஓம்’ என்று நம்புகிறது. லோடில் இருக்கும் பிழை, அதற்குப் பின் அளக்கும் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். நல்லதை அன்றாட வேலைக்கு எடுக்காமல், மூடி போட்டுத் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். மற்ற எல்லா டெர்மினேட்டருக்கும் அதுதான் எடைக்கல்.