தெரிந்தவர்க்கே தெரியும் குறிப்பு

அறியாத சொல் எதிர்ப்பட்டால் ஆசிரியரைக் கேட்காமலும் அகராதியைப் புரட்டாமலும் அதன் முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களைக் கொண்டே பொருளை ஊகித்துக்கொள்ளக் குழந்தைகளைப் பழக்க வேண்டும் என்பது ஆங்கிலக் கல்வியுலகில் நெடுங்காலமாக நிலைபெற்றுவிட்ட கொள்கை. அறியாத சொல்லைச் சூழ்ந்து நின்று அதன் பொருளைக் காட்டிக்கொடுக்கும் பிற சொற்களைச் சூழற்குறிப்பு என்றும், அவற்றைத் தேடிப் பிடிக்கக் கற்றுத்தரும் படிமுறையைச் சூழற்குறிப்பு உத்தி என்றும் குறிப்பிடலாம். 2010இல் வெளியாகி அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை ஏற்றுக்கொண்ட காமன் கோர் பாடத்தரங்கள், நான்காம் வகுப்புக் குழந்தை அறியாத சொல்லின் பொருளைத் துணியும் வழிகளை வரிசைப்படுத்தியபோது சூழலை முதலிலும், சொல்லின் உறுப்புகளை அடுத்தும், அகராதியை இறுதியிலும் வைத்தன. தமிழ்ப் பாடநூல்களில் செய்யுளின் கீழ் ‘சொல்லும் பொருளும்’ என்று அச்சாகும் பட்டியலை மனப்பாடக் காலத்தின் எச்சம் என்று எள்ளுவோர் கைக்கொள்ளக்கூடிய வாதமும் இதுவே.

இம்முறையின் ஆதரவாளர்கள் வழக்கமாக முன்வைப்பது ஒரு கணக்கு. மூன்றாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான அமெரிக்கப் பள்ளிகளின் அச்சு நூல்களில் ஏறத்தாழ 88,500 சொற்குடும்பங்கள் வழங்குவதாக வில்லியம் நேகியும் ரிச்சர்ட் ஆண்டர்சனும் 1984இல் மதிப்பிட்டனர். சொற்குடும்பம் என்பது ஓர் அடிச்சொல்லிலிருந்து பொருள் தெளிவாகக் கிளைத்த சொற்களின் தொகுதி. வாரத்துக்குப் பத்துச் சொல் என்று ஆசிரியர் கற்பித்தாலும் ஆண்டுக்கு நானூறைத் தாண்டுவது அரிது. குழந்தைகளோ ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான சொற்களைக் கற்கின்றனர். ஆகவே எஞ்சியவற்றைப் படிக்கும் நூல்களின் சூழலிலிருந்தே பெறுகின்றனர். ஆகவே சூழலைப் பயன்படுத்தும் உத்தியைக் கற்பிக்க வேண்டும் என்று இரண்டு ‘ஆகவே’களில் அவ்வாதம் முடிகிறது. முதல் ‘ஆகவே’ பெரிதும் சரியானது; இரண்டாவதுதான் பிழை.

உத்தியின் பக்கம் உள்ள நியாயங்களை மறுப்பதற்கில்லை. அகராதியும் குழந்தையின் கையில் பிழைபட வல்லதே: அரித்தல், தின்று தீர்த்தல் என்னும் பொருளுடைய ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி தந்த விளக்கம், வெளியே சென்று உண்பதைக் குறிக்கும் தொடரை ஒத்திருந்ததால், தன் குடும்பம் அடிக்கடி ‘அரிப்பதாக’ ஒரு குழந்தை எழுதிய வேடிக்கையை ஜார்ஜ் மில்லரும் பட்ரிசியா கில்டியாவும் 1987இல் எடுத்துக்காட்டினர். திண்ணைப் பள்ளிகளில் நிகண்டு ஒப்பித்த பிள்ளை பத்துப் பெயர்களை ஒரே மூச்சில் சொன்னாலும், அவற்றுள் எதை எங்கே வழங்குவது என்று அறிந்திருந்தான் என்பதற்கு உறுதியில்லை. சொல்லைப் பகுதி, விகுதி எனப் பிரித்து நோக்கும் பயிற்சிக்கும் பயன் உண்டு. இவ்வளவும் ஒப்புக்கொள்ளத்தக்கவை.

ஆயினும் சூழற்குறிப்பு உத்தியின் அடித்தளத்திலேயே ஒரு குறை இருக்கிறது: குறிப்பு என்று கருதப்படுவது, சொல்லை ஏற்கெனவே அறிந்தவர்க்கே குறிப்பாகத் தெரிகிறது. பயிற்சி ஏடுகளில் இக்குறை வெளிப்படாமல் போவதற்குக் காரணம், அங்குள்ள வாக்கியங்கள் ஊகிப்பதற்கென்றே செய்யப்பட்டவை என்பதே. ‘மூன்றாண்டு மழை பொய்த்ததால் ஏரிகள் வறண்டு, விளைச்சல் அற்று, மக்கள் உணவின்றி வாட, நாடெங்கும் வற்கடம் நிலவியது’ என்னும் வாக்கியத்தைக் கொடுத்து ‘வற்கடம்’ என்றால் என்ன என்று கேட்டால், பஞ்சம் என்று எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். ஏனெனில் அவ்வாக்கியத்தில் அச்சொல்லுக்குச் செய்வதற்கு வேலை ஏதும் மிஞ்சவில்லை. நூலாசிரியர் எவரும் இப்படி எழுதுவதில்லை. ‘அவர் ஊர் திரும்பியபோது எங்கும் வற்கடம்’ என்றே எழுதுவார், ஏனெனில் அச்சொல்லை அறிந்த வாசகரையே அவர் எதிர்நோக்குகிறார். இந்த வாக்கியத்தில் வற்கடம் என்பது திருவிழாவாகவும் இருக்கலாம், கொள்ளைநோயாகவும் இருக்கலாம்.

இவ்வேறுபாட்டை இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன் உள்ளிட்ட மூவர் 1983இல் அளந்தே காட்டினர். தொடக்கப் பள்ளி வாசிப்பு நூல்களின் கதைகளில் அரிய சொற்கள் அமைந்த சூழல்களை அவர்கள் நால்வகையாகப் பிரித்தனர்: பொருளை நேராகச் சுட்டுவன, பொதுவகையாகச் சாடை காட்டுவன, ஒன்றும் சொல்லாதவை, தவறான பொருளுக்கு இழுத்துச் செல்வன. பின்னர் அச்சொற்களை மறைத்து, இடத்துக்குப் பொருந்தும் சொல்லைத் தருமாறு வளர்ந்தவர்களைக் கேட்டபோது, நேராகச் சுட்டும் சூழல்களில் நூற்றுக்கு 86, சாடை காட்டுவனவற்றில் 49, ஒன்றும் சொல்லாதவற்றில் 27, இழுத்துச் செல்வனவற்றில் 3 என்ற அளவிலேயே விடை சரியாக அமைந்தது. விடையளித்தவர்கள் அச்சொற்களை வேறிடங்களில் பலமுறை கண்டு பழகிய பெரியவர்கள் என்பது இங்குக் கருதத்தக்கது. அவர்கள் நினைவிலிருந்து மீட்டால் போதும், குழந்தையோ இல்லாததிலிருந்து ஆக்க வேண்டும்.

இழுத்துச் செல்லும் சூழல் எத்தகையது என்பதற்குத் தமிழிலேயே சான்று காணலாம். ‘பரிசுக் கோப்பையோடு வந்த தம்பியைக் கண்டதும் அண்ணன் முகத்தில் அழுக்காறு படர்ந்தது’ என்னும் வாக்கியத்தைப் படிக்கும் ஒன்பது வயதுக் குழந்தை, கற்பித்தபடியே முன்பின் நோக்கினால், அங்குப் பரிசும் தம்பியும் முகமும் இருக்கக் காணும். மகிழ்ச்சி அல்லது பெருமிதம் என்று துணியும். சொல்லைப் பிரித்து நோக்கும் இரண்டாம் உத்தியைக் கையாண்டால் அழுக்கும் ஆறும் கிடைக்க, அண்ணன் முகத்தில் வியர்வையோடு அழுக்கு வழிந்ததாக முடிவுகட்டும். பொறாமை என்னும் உண்மைப் பொருளை இரண்டு உத்திகளும் தரவில்லை. அதனினும் கேடு, குழந்தைக்குத் தன் தவறு தெரிவதுமில்லை, ஏனெனில் இரண்டு ஊகங்களோடும் வாக்கியம் இடறலின்றி ஓடிவிடுகிறது. பழைய நூல்களில் நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ போன்ற சொற்களில் நிலைமை இன்னும் மோசம்; அவற்றை அறியாத சொல் என்று ஐயுறவே குழந்தைக்கு வாய்ப்பில்லை, ஐயமின்றி உத்தி தொடங்குவதும் இல்லை.

சூழலிலிருந்து பொருளைப் பிரித்தெடுப்பதே குழந்தைக்குக் கடினம் என்பது 1952இலேயே அறியப்பட்டது. ஹைன்ஸ் வெர்னரும் எடித் கப்லனும் ‘கார்ப்லம்’ போன்ற புனைசொற்களை ஆறாறு வாக்கியங்களில் வைத்து எட்டு முதல் பதின்மூன்று வயதுக் குழந்தைகளுக்குக் கொடுத்தபோது, இளையவர்கள் பலரும் வாக்கியம் முழுவதின் பொருளையும் அந்த ஒரு சொல்லின் மேல் ஏற்றிவிட்டனர். கதை புரிவது வேறு, சொல் புரிவது வேறு; முன்னது நிகழ்ந்ததைக் கொண்டு பின்னதும் நிகழ்ந்ததாகக் கணக்கெழுதுவது இவ்வுத்தியின் நீங்காத மயக்கம்.

சூழலிலிருந்து சொற்கள் உண்மையில் கற்கப்படுகின்றனவே என்னும் மறுமொழி இங்கு எழும். கற்கப்படுகின்றன, எந்த வேகத்தில் என்பதே கேள்வி. இருபது ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய ஸ்வான்போர்ன், டி குளாப்பர் என்னும் நெதர்லாந்து ஆய்வாளர்கள், இயல்பாகப் படிக்கையில் எதிர்ப்படும் அறியாச் சொற்கள் நூற்றில் ஏறத்தாழ 15 மட்டுமே ஓரளவேனும் கற்கப்படுவதாக 1999இல் கண்டனர். ஆயிரம் பக்கம் படிக்கும் குழந்தைக்கு இச்சிறு விகிதம் பெருஞ்செல்வமாகக் குவியும். பத்துப் பக்கம் படிக்கும் குழந்தைக்கு ஒன்றும் சேராது. சொல் சேர்வது பன்முறைச் சந்திப்பால், சிறிது சிறிதாக, பெரும்பாலும் தானறியாமல். ஒரு வாக்கியத்தின் முன் நிறுத்தித் துப்பறியச் சொல்வதற்கும் அதற்கும் பெயரளவிலேயே உறவு. மெலனி குன்னும் ஸ்டீவன் ஸ்டாலும் 1998இல் பல ஆய்வுகளைச் சீர்தூக்கி, உத்தி கற்பிக்கப்பட்ட குழந்தைகள், உத்தியின்றி ஊகப் பயிற்சி மட்டும் பெற்றவர்களை விஞ்சவில்லை என்று கண்டதில் வியப்பில்லை. பயிற்சியால் நடுத்தரமான பயன் விளைவதாகக் காட்டும் தொகுப்பாய்வும் அதே ஆண்டில் வெளிவந்தது உண்மையே. ஆனால் அது அளந்தது ஊகிக்கும் திறனை, சேர்ந்த சொற்களை அன்று. ஊகத்தைப் பயிற்றினால் ஊகம் வளரும் என்பதற்கு ஆய்வு வேண்டியதில்லை.

இங்கேதான் உத்தி அநீதியாக மாறுகிறது. மார்செல்லா ஹூவும் பால் நேஷனும், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர்களைக் கொண்டு 2000இல் நிகழ்த்திய ஆய்வில், ஒரு கதையைத் துணையின்றிப் புரிந்துகொள்ள நூற்றுக்கு ஏறத்தாழ 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று கணித்தனர். ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டும் தெரியாத குழந்தைக்குச் சூழல் துணைநிற்கும். ஐந்துக்கு ஒன்று தெரியாத குழந்தைக்கோ சூழலே அறியாச் சொற்களால் ஆனது, அதிலிருந்து எதை எடுத்து எதைத் திறப்பது? உள்ளவனுக்கு மேலும் கொடுக்கப்படும், இல்லாதவனிடமிருந்து உள்ளதும் பறிக்கப்படும் என்னும் மத்தேயு நற்செய்தியின் கருத்தைக் கொண்டு கீத் ஸ்டானோவிச் 1986இல் படிப்பில் வளரும் ஏற்றத்தாழ்வை ‘மத்தேயு விளைவு’ என்றார். சூழற்குறிப்பு உத்தியோ அவ்விளைவை வகுப்பறைக் கொள்கையாகவே ஆக்கிவிடுகிறது: வீட்டில் நூலும் பேச்சும் நிறைந்த குழந்தை விடை சொல்லும்போது உத்தியைக் கற்றுக்கொண்டதாகப் பாராட்டப்படுகிறது, சொல் தெரிந்திருந்ததால்தான் சொன்னது என்பதை எவரும் கேட்பதில்லை, விடை சொல்லாத குழந்தைக்கு இன்னொரு முறை உற்றுப் பார்க்குமாறு அறிவுரை கிடைக்கிறது.

அவ்வேளையில் சொல்லின் பொருள் ஆசிரியருக்குத் தெரியும் என்பதையும், குழந்தை தானே கண்டறியட்டும் என்னும் நன்னோக்கத்தால் அவர் அதை ஒளித்து வைத்திருக்கிறார் என்பதையும் மறக்கலாகாது. அழுக்காறு என்றால் பொறாமை என்று சொல்ல ஒரு கணம் போதும். அடுத்த வாரம் வேறொரு கதையில் அச்சொல்லைக் காட்டி நினைவூட்ட இன்னொரு கணம். பொருளைக் கேட்டபின் அதே வாக்கியத்துக்குத் திரும்பும் குழந்தைக்குத் தம்பியின் கோப்பையும் அண்ணனின் முகமும் முன்போல் இரா. சகோதரர் இருவரிடையே என்ன நடக்கிறது என்று அப்போதுதான் அது கேட்கத் தொடங்கும்.