அருவருப்பும் அசுத்தமும்

ஆரணித் தறிகளில் ஏறும் பட்டு இழை, உள்ளே புழு இருக்கும் கூட்டைக் கொதிநீரிலிட்டுப் பிரித்தெடுக்கப்படுவது. அவ்வேலை நடக்கும் இடத்தின் வாடை எளிதில் மறக்கக் கூடியதன்று. ஆயினும் அவ்விழையில் நெய்த சேலையே மணமேடைக்கும் பூசைக்கும் உரிய தூய ஆடை. அதே சமூகத்தில், செத்த மாட்டின் தோலை உரித்தவர் தீண்டத்தகாதவர் ஆக்கப்பட்டார். எதைக் கண்டு முகம் சுளிப்பது என்பதைப் பொருளின் தன்மை மட்டும் முடிவு செய்வதில்லை. சமூகமும் கற்றுத் தருகிறது.

உளவியலாளர் பால் ரோசின் 1980களில் நடத்திய ஆய்வில், கிருமி நீக்கிய கரப்பான் பூச்சியை இட்டெடுத்த பழச்சாற்றைப் பருகப் பலரும் விரும்பவில்லை. தீங்கில்லை என்று அறிவு ஒப்பினாலும், ‘ஒட்டிக்கொண்டது’ என்ற உணர்வு அகலுவதில்லை. இவ்வுணர்வு மனிதர்மீது திரும்பும்போது நேர்வதை மார்த்தா நுஸ்பாம் 2004இல் வெளியான ‘ஹைடிங் ஃப்ரம் ஹியூமானிட்டி’ நூலில் ஆராய்கிறார். தன் உடலின் அழிவை ஏற்க மறுக்கும் மனிதன், நாற்றத்தையும் அழுகலையும் யூதர், பெண்கள், தாழ்த்தப்பட்டோர் மீது ஏற்றிவிட்டுத் தான் தூயவன் என்று ஆறுதல் கொள்கிறான். ஆகவே அருவருப்பு சட்டத்திற்கு அடிப்படையாகாது என்பது அவர் வாதம்.

இம்முடிவை நாம் ஏற்கிறோம். ஆனால், தூய்மை விதிகளோடு வாழும் ஒரு சமூகம் அருவருப்பை ஐயுற்றால் மட்டும் போதாது. அதற்கு எல்லை வகுக்கவும் வேண்டும். நூலில் நாம் காணும் குறை இதுவே. ஃபிக்ஹு அந்த எல்லையை வகுத்திருக்கிறது. நஜீஸ் என்பது பெயர் சொல்லி வரையறுக்கப்பட்டது, கழுவினால் நீங்குவது, ஆண்டானுக்கும் அடிமைக்கும் ஒன்றே. குளிப்புக் கடமையான நிலையில் தம்மிடமிருந்து ஒதுங்கிச் சென்ற அபூஹுரைரா (ரலி) அவர்களிடம், இறைநம்பிக்கையாளர் அசுத்தமாவதில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) தெளிவுபடுத்தினார்கள். சமைத்த உடும்பு முன்வைக்கப்பட்டபோது, தம் ஊரில் பழக்கமில்லாததால் மனம் ஒப்பவில்லை என்று கூறிக் கையை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஹராம் என்று விலக்கவில்லை. அவர்கள் பார்த்திருக்கவே காலித் பின் வலீத் (ரலி) அதனை உண்டார்கள். தனிமனித வெறுப்பு பொதுவிதி ஆகாது என்பதற்கு இதுவே முன்மாதிரி.

இணைவைப்போரை ‘நஜஸ்’ என்று குறிக்கும் திருவசனத்தை (9:28) இங்கு மறுப்பாகக் காட்டலாம். அது நம்பிக்கையைப் பற்றியதே, உடலைப் பற்றியதன்று என்பது பெரும்பான்மை ஃபகீஹ்களின் விளக்கம். இஸ்லாத்தைத் தழுவுவதற்கு முன் ஸுமாமா பின் உஸால் மஸ்ஜிதுந் நபவியின் தூணிலேயே கட்டிவைக்கப்பட்டார் என்பதும் நினைவுகூரத் தக்கது.

2022 மே மாதம் ஆம்பூரில் நடக்கவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்றானது. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. சிலரது முகச்சுளிப்பு ஓர் அரசு நிகழ்ச்சியின் விதியானதை அன்று நாம் சரியாகவே கண்டித்தோம். 2020இல் நோய்த்தொற்றோடு நம் பெயரை இணைத்துப் பேசியபோதும் வருந்தினோம்.

அந்த வருத்தம் நியாயமானதென்றால், நம்மையும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். நாவிதத் தொழில் செய்த முஸ்லிம் குடும்பங்களோடு மணவுறவு கொள்ளத் தயங்கும் வழக்கம் நம் ஊர்கள் பலவற்றில் இருந்து வந்துள்ளது. கழிவகற்றும் தொழிலாளிக்குத் தனிக் குவளை ஒதுக்கும் வீடு முஸ்லிம் வீடாகவும் இருக்கக் கூடும். நஜீஸ் பற்றிய விதிகளில் இவற்றிற்கு ஆதாரமில்லை. சுற்றியுள்ள சாதியமைப்பிடமிருந்து நாம் இரவல் பெற்ற அருவருப்பு இது. அதற்குத் தூய்மை என்று பெயர் சூட்டியிருக்கிறோம். நஜீஸைக் கழுவத் தண்ணீர் போதும். இதைக் கழுவ, அவர்களோடு ஒரே தட்டில் உண்பதும் அவர்கள் வீட்டில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதுமே வழி.