சந்திப்புகளைத் திட்டமிட்ட மாகாணம்

பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 1992இல் மூடப்பட்டது. மாற்று வருமானத்துக்குச் சுற்றுலா என்றார்கள். ஆனால் காட்டுவதற்கு அங்கே மலையும் இல்லை, கடலும் இல்லை. இருந்தவை சுரங்கக் கழிவு மேடுகள், பைன் காடுகள், கால்வாய்க் கரைகள், வயல்களுக்கு நடுவே ஓடும் குறுஞ்சாலைகள். இவற்றைக் கோத்து 1995இல் உருவானதுதான் சைக்கிள் சந்திப்பு வலைப்பின்னல். யோசனை ஹ்யூகோ போலன் என்ற முன்னாள் சுரங்கப் பொறியாளருடையது. நிலத்தடியில் பாதைகள் பிரியும் இடங்களுக்கு எண் இட்டிருப்பார்கள்; தொழிலாளர்கள் அதை வைத்துத்தான் திசை அறிவார்கள். அந்தப் பழக்கத்தை அவர் தரைக்கு மேலே கொண்டுவந்தார்.

அதற்கு முன் உல்லாசப் பாதை என்றால் பெயர் சூட்டிய ஒரு சுற்று. தொடங்கிய இடத்தில்தான் முடியும். நடுவில் மழை பிடித்தாலோ குழந்தை சோர்ந்தாலோ குறுக்கே திரும்ப வழிகாட்டி கிடையாது. பல சுற்றுகள் ஒரே சாலையில் வந்து சேர்ந்தால் ஒரு கம்பத்தில் நாலைந்து பலகைகள் தொங்கும். லிம்பர்க்கில் திட்டமிடுபவர் பயணத்தை வகுப்பதே இல்லை. இரண்டு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட துண்டு பாதுகாப்பானதா, பார்க்க இதமானதா என்பதோடு அவர் வேலை முடிந்தது. சந்திப்பில் அதன் எண்ணும், அங்கிருந்து போகக்கூடிய அடுத்த எண்களும், ஒரு வரைபடமும் இருக்கும். எண்களை ஒரு துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டு கிளம்பிவிடலாம். தூரத்தை முடிவு செய்பவர் ஓட்டுபவர். நினைத்த சந்திப்பில் மனம் மாறலாம்.

இந்த முறையின் பெரிய பலம் இங்கேதான் என்பேன். ஒரு பாலம் மூடப்பட்டால் ஒரு துண்டு மட்டும் அறும், வலை நிற்கும். பாதைகளில் பெரும்பகுதி ஏற்கெனவே இருந்தவை என்பதால் செலவும் கட்டுக்குள் நின்றது. லிம்பர்க் அடங்கிய ஃபிளாண்டர்ஸ் வட்டாரம் முழுக்கவும், நெதர்லாந்துக்கும், ஜெர்மனியின் சில பகுதிகளுக்கும் இது பரவியதில் வியப்பில்லை.

ஆனால் பரவியபோது பலகையைப் பார்த்தவர்கள் அளவுக்கு அடியில் இருந்த நிலத்தைப் பார்த்தவர்கள் இல்லை. வண்டிகள் அதிகம் வராத சிறு சாலைகள் நெருக்கமாகப் பின்னிக் கிடந்ததால்தான் எண்கள் வேலை செய்தன. இரண்டு ஊர்களுக்கு நடுவே நெடுஞ்சாலை ஒன்றே வழியாக உள்ள வட்டாரத்தில் எண் நட்டால், தேர்வு செய்ய எதுவும் இல்லாத சந்திப்புகள்தான் மிஞ்சும்.

பராமரிப்பு இன்னொரு சிக்கல். எண்ணை நம்பி வருபவருக்கு ஊர்ப்பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதனாலேயே ஒரு பலகை காணாமல் போனால் அவர் திக்குத் தெரியாமல் நிற்பார். தன்னார்வலர்கள் தங்கள் பகுதியைச் சுற்றிவந்து பலகைகளைச் சரிபார்ப்பதால்தான் இது ஓடுகிறது. திட்ட அறிக்கைகளில் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளப்படும் வேலை இது. பக்கத்து வட்டாரத்திலும் அதே எண்கள் திரும்ப வருவதால், எல்லை தாண்டும்போது எண்ணோடு ஊரையும் சொல்லியாக வேண்டும்.

லிம்பர்க்கிலேயே வலையின் போக்கு பின்னர் சற்று மாறியது. 2016இல் அங்குள்ள போக்ரெய்க் குளத்துக்குள் 212 மீட்டர் நீளப் பாதை ஒன்றைத் தாழ்த்தி அமைத்தார்கள். ஓட்டுபவரின் கண்மட்டத்தில் இருபுறமும் தண்ணீர். 2019இல் ஹெக்டல்-எக்ஸலில், பைன் மரங்களுக்கிடையே வட்டமாக 10 மீட்டர் உயரம் வரை ஏறும் 700 மீட்டர் பாதை. அழகானவை, மறுக்கவில்லை. ஆயினும் எங்கும் தொடங்கலாம், எங்கும் முடிக்கலாம் என்ற வலையில் இவை ‘பார்த்தே தீர வேண்டிய இடம்’ என்ற பழைய சுற்றுலாவைத் திரும்பக் கொண்டுவந்தன. கூட்டம் ஒரு சில துண்டுகளில் குவியும்படி ஆனது. எண் கம்பத்துக்கு எந்த அமைச்சரும் ரிப்பன் வெட்ட மாட்டார் என்பதும் காரணமாக இருக்கலாம்.

இதமான வழி பெரும்பாலும் சுற்றுவழி. வேலைக்குப் போகிறவருக்கு அது உதவாது. ஃபிளாண்டர்ஸ் பின்னர் ‘எஃப்’ எண்களோடு சைக்கிள் விரைவுப் பாதைகளைத் தனியே போட வேண்டி வந்தது. ஹாசெல்டையும் ஆண்ட்வெர்ப்பையும் இணைக்கும் எஃப்5 ஆல்பர்ட் கால்வாய்க் கரையோரமாகவே போகிறது. குழந்தைகளோடு உலாவுபவரும், மின்சைக்கிளில் அலுவலகத்துக்கு விரைபவரும் ஒரே கரையில். எண் பலகையால் தீர்க்க முடியாத உரசல் இது. அகலமான தார்ப்பரப்பு வேண்டும், அதற்கு நிலம் வேண்டும். இருப்பதை வைத்தே வலை பின்னிய முறை ஒதுக்கி வைத்திருந்த செலவு அது.