அறிவினாவும் அறியாவினாவும்: புத்தொழில் நிறுவனர் வலையொலி உரையாடல்கள் – ஒரு திறனாய்வு

திறவுச்சொற்கள்: வலையொலி, புத்தொழில், நன்னூல், வினா, விடை, கடலூர், சிதம்பரம்

முன்னுரை

பாட்காஸ்ட் எனப்படும் வலையொலி இன்று தமிழில் பரவலாகக் கேட்கப்படும் உரையாடல் வடிவங்களுள் ஒன்றாகும். இணையவழிப் புத்தொழில் நிறுவனங்களைத் தொடங்கியோரும், அவற்றின் வடிவமைப்பாளர்களும் நிரலாளர்களும் இதில் தம் தொழில் அனுபவங்களைப் பகிர்கின்றனர். இவற்றை ஊக்கவுரைகளாகக் கருதுவதே பெருவழக்கு. எனினும் இவை வினாவும் விடையுமாய் அமைந்த பனுவல்கள். ஆதலின், நன்னூல் கூறும் வினா, விடைப் பாகுபாட்டின்வழி இவற்றின் இயல்பையும் குறையையும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினாவின் இயல்பு

அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என வினா அறுவகைப்படும். நிறுவனர் உரையாடல்களில் மிகுந்து காணப்படுவது அறிவினாவே. விருந்தினரின் இளமை வறுமை, முதல் தோல்வி, முதலீடு கிடைத்த நாள் ஆகியன முந்தைய நேர்காணல்களில் வெளிவந்தவை. நெறியாளர் அவற்றை அறிந்தே கேட்கிறார். ஆசிரியர் மாணவரிடம் கேட்கும் அறிவினாவிற்குச் சோதித்தல் என்னும் பயனுண்டு. இங்கு அப்பயனும் இல்லை. ‘இளைஞர்களுக்கு என்ன கூற விரும்புகிறீர்கள்?’ என்னும் நிறைவு வினாவோ விருந்தினருக்கு மேடை வழங்கும் பொருட்டே கேட்கப்படுவதால் கொடைவினாவின் சாயலைப் பெறுகிறது.

விடையின் இயல்பு

விடைகள் எட்டனுள் சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வெளிப்படையானவை. ஏனைய ஐந்தும் குறிப்பால் பொருள் தருபவை. அவ்வைந்தனுள் ஒன்றான ‘உற்றது உரைத்தல்’ இவ்வுரையாடல்களில் ஓங்கி நிற்கிறது. 2010இல் சென்னையில் ஃபிரெஷ்டெஸ்க் என்ற பெயரில் தொடங்கி, 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஃபிரெஷ்வொர்க்ஸ் நிறுவனத்தின் தோற்றக்கதை இதற்குத் தக்க சான்றாகும். அதன் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது அவரது தொலைக்காட்சிப் பெட்டி உடைந்து வந்தது. இணைய மன்றமொன்றில் முறையிட்ட பின்னரே இழப்பீடு கிடைத்தது. வாடிக்கையாளர் சேவை மென்பொருளைத் தேர்ந்தது ஏன் என்ற வினாவிற்கு இந்நிகழ்ச்சி விடையாகிறது. அவர் அதற்கு முன் ஜோஹோ நிறுவனத்தில் பல ஆண்டுகள் மென்பொருள் மேலாண்மைப் பணியாற்றியவர் என்பது மறைக்கப்படுவதில்லை. ஆயினும் கேட்போர் நினைவில் தங்குவது உடைந்த பெட்டியே. ஆண்டுக்கணக்கில் கற்ற தொழிலறிவு அன்று. உற்றதை உரைத்தல் பொய்யன்று; ஆனால் வெளிப்படை விடை வரவேண்டிய இடத்தை அது நிரப்பிவிடும்போது தொழில் நுட்பம் பேசப்படாமல் போகிறது.

ஊர்ப்பெயரும் ஊரும்

கிஸ்ஃப்ளோ நிறுவனர் சுரேஷ் சம்பந்தம் கடலூரைச் சேர்ந்தவர். இத்தகையோரின் வரலாற்றில் பிறந்த ஊர், கடந்துவந்த தொலைவை அளக்கும் கல்லாகவே இடம்பெறுகிறது. சிற்றூரின் பெயர் எவ்வளவு அறியப்படாததோ அவ்வளவு வெற்றி பெரிதாகத் தோன்றும் என்பதே இதன் உள்ளுறை. கேட்கத்தக்க அறியாவினாக்கள் வேறு. வணிகச் செயலிகளை உருவாக்கும் தளமாக விளங்கிய ஆரஞ்ச்ஸ்கேப், 2012இல் நிரல் எழுதத் தெரியாத அலுவலரும் பயன்படுத்தும் கிஸ்ஃப்ளோவை நோக்கித் திரும்பியபோது கைவிடப்பட்டவை யாவை? அதன் திரை அமைப்பை முடிவு செய்தோர் யாவர்? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரைகடந்தபின் பல நாள் மின்சாரமின்றிக் கிடந்த கடலூர் மாவட்டத்தில் இருந்துகொண்டே வலைத்தொழில் நடத்த எவை தேவை? இத்தகைய வினாக்களுக்கு வடிவமைப்பாளரும் நிரலாளரும் விடையளிக்க இயலும். ஆனால் ஒலிவாங்கியின்முன் பெரும்பாலும் அமர்பவர் நிறுவனரே.

பிறமொழி ஒப்பீடு

2014இல் அமெரிக்க வானொலியாளர் அலெக்ஸ் புளூம்பெர்க் தாம் நிறுவனம் தொடங்கியதையே ‘ஸ்டார்ட்அப்’ என்னும் வலையொலியாகப் பதிவு செய்தார். முதலீட்டாளர் ஒருவர்முன் அவர் தடுமாறியதும் அதில் ஒலிக்கிறது. முடிவு தெரியாத நிலையில் பதிவானமையால் அங்கு வினாக்கள் இயல்பாகவே அறியாவினாக்கள் ஆயின. கை ராஸ் நடத்தும் ‘ஹவ் ஐ பில்ட் திஸ்’ வெற்றிக்குப் பிந்தைய உரையாடலே. எனினும் வெற்றிக்குக் காரணம் உழைப்போ, நல்வாய்ப்போ என்று இறுதியில் எழுப்பப்படும் ஐயவினா, கதையின் உறுதிப்பாட்டைச் சற்றே நெகிழ்க்கிறது. தமிழ் உரையாடல்கள் இவற்றை அப்படியே பின்பற்ற வேண்டுவதில்லை. வினா வகை மாறினால் விடையின் தரமும் மாறும் என்பதே இவை உணர்த்துவது.

முடிவுரை

1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அமைந்த சிதம்பரத்தில் பயிலும் முதல் தலைமுறை மாணவர் ஒருவருக்குக் குடும்பத்திலோ சுற்றத்திலோ மென்பொருள் தொழில் அறிந்தோர் இல்லாதிருக்கலாம். பெருநகர மாணவர் மூத்தோரிடம் நேரில் கேட்டறிவதை இவர் வலையொலியில் தேடுகிறார். அறிவினாவும் உற்றது உரைத்தலும் மட்டும் இவருக்குக் கிடைப்பின், உணர்ச்சி எஞ்சும், தொழில் எஞ்சாது. மேலும், இவ்வுரையாடல்கள் தமிழர்தம் கணினித் தொழில் வரலாற்றிற்குப் பிற்காலத்தார் நாடும் வாய்மொழிச் சான்றுகளாகும். எனவே அவற்றில் அறியாவினா இடம்பெறுவது நெறியாளரின் திறமை சார்ந்தது மட்டுமன்று. கேட்போர்க்கும் வரலாற்றிற்கும் அவர் ஆற்ற வேண்டிய கடமையுமாகும்.