ஒலிக்காத கிலுகிலுப்பை

1972-இல் குல்சார் இயக்கிய 'கோஷிஷ்' என்னும் இந்திப் படம், காது கேளாத, வாய் பேசாத கணவன் மனைவியின் கதை. டி. என். பாலு இயக்கத்தில் கமல்ஹாசனும் சுஜாதாவும் நடிக்க, 1977-இல் 'உயர்ந்தவர்கள்' என்ற பெயரில் அது தமிழிலும் வந்தது.

இந்திப் படத்தில் ஒரு காட்சி. தம் குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று அறியப் பெற்றோர் கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்க்கின்றனர். குழந்தை அசையவில்லை. பதறிப்போய் மருத்துவரிடம் ஓடுகின்றனர். பிறகுதான் உண்மை புலப்படுகிறது. குறை குழந்தையின் காதில் இல்லை. அந்தக் கிலுகிலுப்பை ஒலிக்கவே இல்லை!

இயற்பியல் மாணவர் எவரும் மறக்கலாகாத காட்சி இது. அளக்கத் தொடங்குமுன் கருவியைச் சரிபார் என்பதன்றோ ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கும் முதல் பாடம்? ஆயினும் இக்காட்சியில் எனக்கு ஒரு குறை தோன்றுகிறது. நம் கவலை முழுவதையும் அது குழந்தையின் காதின்மீதே குவிக்கிறது. குழந்தைக்குக் கேட்கிறது என்றதும் நாம் நிம்மதி அடைகிறோம். இத்தகைய பெற்றோரிடம் மருத்துவமனை எவ்வாறு பேசவேண்டும் என்ற கேள்வி நம்முள் எழுவதே இல்லை.

குழந்தையைச் சோதிக்க இன்று கிலுகிலுப்பை தேவையில்லை. நலமான உட்செவி தானே மிக மெல்லிய ஒலியை எழுப்புகிறது என்பதை 1978-இல் இங்கிலாந்தின் டேவிட் கெம்ப் வெளியிட்டார். காதினுள் சிறு ஒலிவாங்கியை வைத்தால், உறங்கும் குழந்தையிடமிருந்துகூட அதைப் பதிவு செய்யலாம். ஆனால் தாயிடம் பேசும் முறையோ இன்னும் பழைய கிலுகிலுப்பையாகவே இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதியர் இராஜபாளையத்தில் வாழ்கின்றனர். இருவருக்கும் காது கேளாது. தலைப்பிரசவத்துக்கு மனைவி தாய்வீடான ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சென்றார். வலி கண்டு மருத்துவமனையில் சேர்த்தபோது, அவருடைய சைகைமொழியை நன்கறிந்த கணவரை வெளியே நிறுத்திவிட்டனர். உள்ளே இருந்தோர் உரக்கக் கத்தினர். "எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டேங்குது இந்தப் பொண்ணு" என்று பின்னர் ஒருவர் குறைப்பட்டுக் கொண்டாராம். கேளாத காது கத்தினால் கேட்குமா? ஒலிக்காத கிலுகிலுப்பையை ஆட்டிவிட்டுக் குழந்தையைக் குறை சொன்ன கதைதான் இது.

பிரசவ அறையில் 'முக்கு', 'நிறுத்து', 'மூச்சை இழு' என்று எல்லாக் கட்டளைகளும் ஒலியாகவே வருகின்றன. படுத்திருக்கும் தாய்க்குக் கால்பக்கம் நிற்பவரின் முகம் சரியாகத் தெரியாது. முகக்கவசம் உதடுகளை மறைத்துவிடும். குளுக்கோஸ் ஏற்றும் ஊசி கையில் இருந்தால் சைகை செய்வதும் கடினம். குழந்தையின் முதல் அழுகைகூட அவரை எட்டாது.

ஒலி செல்லாத இடத்தில் ஒளி செல்லும். எங்கள் ஊர் நூற்பாலைகளில் 90 டெசிபெல் அளவுக்கு எழும் இரைச்சலிடையே, நன்றாகக் காது கேட்கும் தொழிலாளரும் கைச்சாடையால்தான் பேசிக்கொள்கின்றனர். அவர்களை எவரும் குறையுடையோர் என்பதில்லை. ஆலையில் இயல்பாக நடப்பது மருத்துவமனையில் ஏன் நடக்கலாகாது?

செய்யவேண்டியவை எளியவையே. கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போதே சில சைகைகளைப் பேசி வைத்துக்கொள்ளலாம். படங்கள் வரைந்த அட்டைகளைத் தாயின் கண்ணெதிரே காட்டலாம். ஊசியை அவர் அதிகம் பயன்படுத்தாத கையில் போடலாம். கருவின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 முறை துடிப்பது இயல்பு. திரையில் அந்த எண்ணை அவரும் காணும்படி திருப்பி வைக்கலாம். குழந்தை அழுததும் உடனே முகத்தருகே கொண்டுவந்து காட்டலாம்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சைகைமொழியையும் தகவல்தொடர்பு என்றே ஏற்கிறது. அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையும் தடையற்றவையாக இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. அதே ஆண்டு வெளியான மத்திய அரசின் நெறிமுறை, போதிய மறைவு வசதியுள்ள பிரசவ அறைகளில் கணவரையும் துணையாக அனுமதிக்கிறது. காது கேளாத தாய்க்குக் கணவர் வெறும் துணை மட்டுமல்லர், மொழிபெயர்ப்பாளரும் ஆவார். அவரை வெளியே நிறுத்துவது தாயின் வாயைப் பொத்துவதற்குச் சமம்.

படத்தில் வரும் பெற்றோர் தம் கையிலிருந்த கிலுகிலுப்பையின் குறையை இறுதியில் அறிந்துகொண்டனர். நம் பிரசவ அறைகளும் தம் கையிலிருப்பதை ஒருமுறை ஆட்டிப் பார்க்கவேண்டும்.